சேலை பார்க்கிற கண்ணால் ஒரு லேப்டாப்

மதினி,

இன்று காலை ஒரு கடையில் என் மானம் போகப் பார்த்தது. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

பழைய லேப்டாப்பின் கீல் உடைந்து மூடி தொங்க ஆரம்பித்துவிட்டது. பழுது பார்க்கிற தம்பி, "அக்கா, இதுக்கு மேல இதப் பாடுபடுத்தாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். சரியென்று பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகத் திறந்திருக்கிற கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, கண்ணைப் பறிக்கிற விளக்குகள். அங்கே நின்ற பெண் ஒரு லேப்டாப்பைத் திறந்து கடலும் கிளியும் பூவுமாக ஓடவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன். மேசையோடு கட்டியிருந்த கம்பி பிய்த்துக்கொண்டது. அலாரம் கத்தியது. காவலுக்கு நின்ற பெரியவர் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"வெளிச்சத்துல பாக்கணும்" என்றேன்.

"ஏன்க்கா, சேலையா எடுக்குதீங்க?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆமாம், சேலை எடுக்கிற மாதிரிதான். வேறு எப்படி எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு அவர்களே கம்பியைக் கழற்றித் தந்து வாசலில் பார்க்க விட்டார்கள். வாங்கியும் வந்துவிட்டேன். இதை அதில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன், மதினி. விசைகள் மெத்தென்று இருக்கின்றன. உங்களுக்குப் பிடிக்கும்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் நம் வீட்டுக்கு வந்தபோது என்னைவிட ஒரே ஒரு வயசுதான் உங்களுக்குக் கூடுதல். தென்காசி ஜவுளிக்கடையில் பட்டுப் பகுதியில் பதினெட்டு வருஷம் நின்றீர்கள். சம்பளத்துக்கு நின்ற ஆள் என்று பார்த்தால் யாரும் சொல்லமாட்டார்கள். கடையே உங்களுடையது என்பது போலத்தான் ஒவ்வொரு சேலையையும் விரிப்பீர்கள். வருகிறவர்களிடம் "என்ன கலர் வேணும்?" என்று நீங்கள் கேட்டதே இல்லை. "எங்க கட்டப் போறீக? ஆரு பாக்கப் போறாக?" என்றுதான் கேட்பீர்கள்.

நான் கதைக்கு வருகிறேன். கல்யாணம் முறிந்து, பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டு, அண்ணன் வீட்டு மாடியில் வந்து நான் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஒரு விசேஷத்துக்குப் போவதில்லை. எதிரே தெரிந்தவர் வந்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவேன். என்ன கேட்பார்களோ என்பதைவிட, என்னைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்பதுதான் பெரிய பயம். நீங்கள் ஒரு நாளும் "வேலைக்குப் போ" என்று சொல்லவில்லை. ஆனால் கடையநல்லூரிலிருந்து பட்டு எடுக்க வந்த ஒரு அம்மா, துபாயில் இருக்கிற தன் பேத்திக்குத் தமிழ் பேச வருது, எழுத்து தெரியலையே என்று வருத்தப்பட்டதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "எங்க வீட்டுல டீச்சர் இருக்கா. கம்ப்யூட்டர்ல சொல்லிக் குடுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

நான் கத்தினேன். வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்றேன்.

"அது கடையில கெடைக்கும். டீச்சர்தான் கடையில கெடைக்க மாட்டா" என்று சொல்லி, சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விட்டீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் தாய்க்கு முன்னால் ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். பிடித்தால் அவர்கள் குடியிருப்பில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேருவார்கள். பிடிக்காவிட்டால் அதோடு சரி. அது கைவிட்டுப் போனால் இனி எந்த வகுப்பிலும் நிற்க எனக்குத் தைரியம் வராது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நீங்கள், அண்ணன், நான் மூவருமாகப் போன லேப்டாப் கடையில் முதலில் ஒரு முரட்டு லேப்டாப்பை எடுத்துப் போட்டார்கள். விசைக்கெல்லாம் அடியில் சிவப்பு விளக்கு. எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. "கேம் எல்லாம் பறக்கும்" என்றான் விற்கிற பையன். "அ, ஆ சொல்லிக் குடுக்க எதுக்குத் தம்பி பறக்கணும்?" என்றீர்கள். அடுத்தது அப்பளம் போல மெலிசு. தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பையில போட்டு ஊர் சுத்துதவுகளுக்கு. இவ ஒரு எடத்துல இருந்து பாக்கப் போறவ. எழுத்து பெருசாத் தெரியணும்" என்று தள்ளி வைத்தீர்கள். மூன்றாவதாக வந்தது நடுத்தர அளவு. பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. சினிமா, பாட்டு, படிப்பு எல்லாவற்றுக்கும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றான் பையன். அவன் பெட்டியில் ஒட்டியிருந்த எண்களை வாசிக்கத் தொடங்கினான். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

"கடை வெளிச்சத்துல எல்லாச் சேலையும் நல்ல சேலதான்" என்று சொல்லிக்கொண்டே, படியில் நின்று திரையைத் தெருப்பக்கம் திருப்பினீர்கள். மெலிசையும் கொண்டுவரச் சொல்லி அப்படியே திருப்பியபோது என் முகமும் பின்னால் போன செங்கோட்டை பஸ்ஸும்தான் அதில் தெரிந்தன. இதில் எழுத்து தெரிந்தது. பிறகு புரட்டி அடிப்பக்கம் பார்த்தீர்கள், சேலைக்கு மறுபக்கம் பார்ப்பது போலவே. முதல் இரண்டுக்கும் சத்தம் அடியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது நீங்கள்தான். "மெத்தையில வச்சா வாயப் பொத்துன மாதிரி இருக்கும்லா?" என்றதும் பையன் விழித்தான். இதற்கு ஒலிபெருக்கி மேலே, விசைகளுக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

அதோடு விட்டீர்களா? என்னை இடப்பக்கமும் பையனை வலப்பக்கமும் நிறுத்தினீர்கள். அண்ணனைக் கடைத் தரையில் உட்காரச் சொன்னீர்கள்.

"இங்கனயா?" என்றான் அண்ணன்.

"வீட்டுல படம் பாக்கதுன்னா தரையில கெடந்துதான பாப்பீக? உக்காருங்க. கறுப்பு கறுப்பாவே தெரியுதா, சாயம் மாறுதா?"

"கறுப்பாத்தான் தெரியுது, தாயே" என்றான் அண்ணன், தரையிலிருந்து. கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் கூசிப்போய் நின்றேன்.

அதன் பிறகு நீங்கள் கேட்டதுதான் உச்சம். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றீர்கள். கடைக்காரர் ஆடிப்போனார்.

"அது துணிக்குச் செய்வாகம்மா. இது எலெக்ட்ரானிக்ஸ்."

"ஒங்க மக கல்யாணத்துக்கு எட்டுப் பட்ட வீட்டுக்குக் குடுத்து விட்டேன்லா, அண்ணாச்சி? ஒண்ண எடுத்துக்கிட்டு ஏழத் திருப்பி அனுப்புனீக. நான் ஏதும் சொன்னேனா? துணியாவது கசங்கும். இது கசங்கவும் செய்யாது."

அண்ணாச்சி பெட்டியோடு கொடுத்து அனுப்பினார்.

அந்த வாரம் முழுக்க அது வீட்டில் படாத பாடு பட்டது. அடுப்படி மேடையில் இருந்தது. அண்ணனின் வயிற்றின் மேல் இருந்தது. குக்கர் விசிலுக்கும் மிக்சிக்கும் நடுவில் பாட்டுக் கேட்டீர்கள். ஒரு கையில் வெண்டைக்காயோடு மறு கையால் மூடியைத் திறந்து பார்த்தீர்கள். அடிப்பாகம் கூடவே எழும்பாமல் மூடி மட்டும் திறந்ததற்கு அப்படி ஒரு சந்தோஷம் உங்களுக்கு. கரண்டு போன மத்தியானம் ஒரு முழுப் படம் ஓடி முடிந்த பிறகும் அதில் சார்ஜ் மிச்சம் இருந்தது. மடியில் வைத்தால் சுடுமோ என்று பார்த்தோம். வெதுவெதுப்புதான், சாரல் காலத்துக்குச் சுகமாகவே இருந்தது.

குறைகளையும் விடவில்லை நீங்கள். சார்ஜர் செங்கல் கனம், வயர் குட்டை. வலப்பக்கம் எண்களுக்கென்று தனி விசைகள் இருந்ததால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. நான் தட்டும்போது உடம்பைக் கோணிக்கொண்டு உட்காருவதை நான் கவனிக்கவில்லை, நீங்கள் கவனித்தீர்கள். மழை மூட்டத்தில் கேமராவில் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "சன்னலப் பாத்து உக்காரு, சரியாப் போவும். கொற தெரிஞ்சு எடுத்தா பரவாயில்லட்டி. தெரியாம எடுத்தாத்தான் வயித்தெரிச்சல்" என்றீர்கள். நானும் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் லேப்டாப்பைப் பற்றிப் பேசுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டேன். தரையில் ஆளை உட்காரவைத்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

சனிக்கிழமை கடைசிச் சோதனை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தது. நீங்கள் போனை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டீர்கள். மாடியில் நான் டீச்சர், குற்றாலத்தில் நீங்கள் ஆறு வயசுப் பிள்ளை. அமைதியான இடமாகப் பார்த்து நில்லுங்கள் என்றேன். "துபாய்ல அவுக வீட்டுல டிவி ஓடாதா? தம்பிப்பய அழமாட்டானா? சத்தத்துல கேக்குதான்னுதான் பாக்கணும்" என்று மெயின் அருவிக்குப் போகிற வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கும் நடுவில் நின்றீர்கள். பின்னால் அருவி இரைச்சல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற கூட்டம்.

நான் 'அம்மா' என்று எழுதிக் காட்டினேன்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது" என்றீர்கள்.

"மதினி!"

"டீச்சர், எங்க வீட்டுப் பூன ஒங்களப் பாத்துப் பயப்படுது, டீச்சர்."

பக்கத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர் உங்களைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. அரை மணி நேரம் படுத்தி எடுத்துவிட்டு, சாரலில் நனைந்த முந்தானையோடு வீட்டுக்கு வந்தீர்கள். மைக் எப்படி என்று கேட்டேன். தெளிவு என்றீர்கள். படம்? நல்லா இருக்கு. அப்படியானால் எடுத்துவிடலாமா?

"பெட்டியில ஒரு கொறயும் இல்ல. நீதான் என்னப் பாக்கவே இல்ல."

"உங்களத்தான பாத்துக்கிட்டே இருந்தேன்?"

"இல்லட்டி. அரை மணி நேரமும் மூலையில தெரியுத ஒன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருந்த. முடி கலஞ்சிருக்கா, கண்ணு வீங்கியிருக்கான்னு. அந்தப் பிள்ளைக்கு ஒன் மூஞ்சியப் பத்தி என்ன கவல? டீச்சர் தன்னப் பாக்காளான்னுதான் அது பாக்கும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷமாகத் தெருவிலும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, திரைக்கு மேலே கேமராவை ஒட்டி வைத்தீர்கள். "இதப் பாத்துப் பேசு. எங்கன இருந்து பாத்தாலும் அவுக கண்ணப் பாத்துப் பேசுத மாதிரி இருக்கும்." மூலையில் தெரிந்த என் முகத்தை மறைக்கிற வழியையும் அண்ணனிடம் கேட்டுச் செய்யவைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொட்டைப் பார்த்துத்தான் பேசினேன். வகுப்பு முடிந்ததும் துபாய்ப் பிள்ளை ஹனாவின் தாய், "பிள்ள ஒரு எடத்துல இவ்வளவு நேரம் உக்காந்து நான் பாத்ததில்ல" என்றாள். திங்கட்கிழமை நீங்களே கடைக்குப் போய், பெட்டி எங்களுக்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அண்ணாச்சி பெருமூச்சு விட்டாராம். ஹனாவோடு நாலு பேர், பிறகு பத்து, பிறகு ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு. கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் உங்களோடு நிமிர்ந்து நடந்து போனேன்.

பிறகு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அண்ணன் உங்களோடு மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தான். வகுப்பை விட்டுவிட்டு நான் வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்று சொல்லி அனுப்பினீர்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இதற்கு மட்டும் உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, மதினி. என் மேல் அதைவிட அதிகம்.

ஒரு நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து நீங்களே வீடியோவில் கூப்பிட்டீர்கள். நான் வழக்கம்போலப் பொட்டைப் பார்த்துப் பேசினேன். உங்களைப் பார்த்துப் பேசுவதாக உங்களுக்குத் தோன்ற வேண்டுமே. காலையில் கிளம்பி வருகிறேன், ரசம் வைத்துக் கொண்டுவருகிறேன் என்றெல்லாம் பேசிக்கொண்டே போனேன். பேச்சை நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பயம். உங்கள் குரல் மெல்லக் கேட்டது.

"ஏட்டி செல்வி, பொட்டப் பாத்தது போதும். என்னப் பாரு."

கண்ணைக் கீழே இறக்கினேன். அப்போதுதான் உங்களைப் பார்த்தேன். பாதியாகிப் போன முகம். தலை சீவியிருந்தது. நெற்றியில் அண்ணன் வைத்துவிட்ட பொட்டு, கோணலாக. நான் கீழே பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும், உங்களைத்தான் பார்க்கிறேன் என்றும் தெரியும். அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மறுநாள் நான் மதுரைக்கு வந்து சேரும்வரை நீங்கள் இருக்கவில்லை.

இப்போதும் வகுப்பு முழுக்கக் கேமராவைப் பார்த்துத்தான் பேசுகிறேன். முடிகிற நேரத்தில் மட்டும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு, கண்ணை இறக்கி, திரையில் இருக்கிற பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். யார் தூங்கி வழிகிறான், யார் அழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிகிறது. ஹனா இப்போது பெரிய பிள்ளை. அவளுக்குத் தனியாகத்தான் வகுப்பு. போன வாரம் அவள் கேட்டாள்.

"டீச்சர், கடைசியில எப்பவும் கீழ பாக்குறீங்களே, எதைப் பாக்குறீங்க?"

"ஒன்னத்தான் பாக்குதேன்" என்றேன்.

அவள் முகத்தைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள்.