சுத்தம் என்று நீங்கள் சொன்னது

அக்கா,

1. எங்கள் திருமணம் நடந்த ஆண்டு, ஆவணி: செவிலி என்ற உரிமையோடு ஒரு கிருமிநாசினிப் புட்டியை என் மனைவி லலிதாவிடம் கொடுத்து, மாதவிலக்கு முடிந்ததும் பிறப்புறுப்பின் உள்ளே கழுவச் சொன்னீர்கள்.

2. அடுத்த தை: வெள்ளைப்படுகிறது, நாற்றமடிக்கிறது என்று லலிதா உங்களிடம் அழுதாள். தினமும் கழுவச் சொன்னீர்கள்.

3. திருமணமான ஏழாம் ஆண்டு, பங்குனி: உங்கள் நாத்தனார் மகளின் வளைகாப்பில், வளையல் தட்டை லலிதாவின் கையிலிருந்து பிடுங்கி வேறொருத்தியிடம் கொடுத்தீர்கள்.

இன்று காலை மட்டாஞ்சேரி வீட்டுக் குளியலறையில் அந்தக் கிருமிநாசினி நெடி. உங்கள் அலமாரியில் மிஞ்சியிருந்த புட்டிகளை லலிதா ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தாயில்லாத எனக்கு, பணி முடிந்து வரும் உங்கள் கைகளில் வீசிய அந்த நெடிதான் ஒரு காலத்தில் வீடாக இருந்தது.

நேற்று உங்கள் மகள் ரேவதியை இடப்பள்ளியில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அவளுக்கும் குழந்தை தங்கவில்லை. உள்ளே கழுவுவதுண்டா என்று மருத்துவர் கேட்டார்.

"அம்மா சொல்லித் தந்ததாக்கும். அம்மா நர்ஸ்," என்றாள் ரேவதி, பெருமையாக.

அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அமிலம் சுரந்து காவல் காக்கின்றன. கழுவக் கழுவ அவை அழிந்து, கெட்டவை பெருகுகின்றன. குழந்தையில்லாத பெண்கள் பலரிடம் இந்தக் குலைவு காணப்படுகிறது என்றார் அவர். "அந்த இடம் தன்னைத்தானே பார்த்துக்கும். நாம போய் ஒத்தாசை பண்ண வேண்டாம்."

லலிதா கேட்டாள்: "அப்போ எனக்கும் அதுதானா?"

"இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் சொல்ல முடியாது, சேச்சி. வேற காரணமும் இருந்திருக்கலாம்."

அந்த நாட்களில் செய்த எங்கள் இருவரின் பரிசோதனைகளும் காரணம் தெரியவில்லை என்றுதான் முடிந்தன. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் நீங்கள். "அழுக்குல கொழந்தை தங்காது, கேட்டியா?"

அம்மா தெரியாமல் செய்தாள் என்கிறாள் ரேவதி. முதல் இரண்டுக்கும் அதை ஏற்கிறேன். அன்று அதிகம் பேருக்குத் தெரியாது. வளையல் தட்டைப் பிடுங்கியபோது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?

உங்களுக்கு மகன் இல்லாததால் ஆண்டுதோறும் திதி கொடுப்பவன் நான். எனக்குப் பின் கொடுக்க யாருமில்லை. அந்த நெடி மட்டும் என்னோடு இருக்கும்.

வரும் திதிக்கு முந்தைய நாள் மாலைக்குள், மூன்றாவது குற்றச்சாட்டுக்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும். என் பெயருக்கு அல்ல. லலிதாவின் பெயருக்கு.