கேட்டுக் கொடுக்கும் இன்ஜெக்டர் ஒன்று வேண்டி

அனுப்புநர்:
ப. நேமிநாதன்,
வரலாற்று விரிவுரையாளர் (ஓய்வு),
7, கேணி சந்து,
அடி அண்ணாமலை, திருவண்ணாமலை.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
கிரிவலப் பாதைக் கண்காணிப்புக் கருவிகள் பிரிவு,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: கேணி சந்து முனைக் கேமராவுக்குப் பொருத்தமான பி.ஓ.இ. இன்ஜெக்டர் வழங்கக் கோருதல் – தடுப்பூசி தேவையில்லை எனத் தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகத்தை மூன்றாம் முறையாகத் தொந்தரவு செய்வதற்கு முதலில் வருந்துகிறேன்.

1. எங்கள் சந்து கிரிவலப் பாதையைத் தொடும் முனையில் தங்கள் பிரிவு கம்பம் நட்டு ஒரு கேமராவைப் பொருத்தியது. படம் வரும் அதே நெட்வொர்க் கேபிளிலேயே அதற்கு மின்சாரமும் போக வேண்டும். மின்சாரத்தைக் கேபிளுக்குள் ஏற்றிவிடும் சிறு பெட்டிக்கு பி.ஓ.இ. இன்ஜெக்டர் என்று பெயர். தாங்கள் அறிந்ததுதான். எனக்கு எழுபத்தாறாம் வயதில் தெரியவந்ததால், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தங்கள் முன் ஒப்பித்துப் பார்க்கிறேன். கேமராவின் படம் என் கைப்பேசியிலும் தெரியும் என்ற ஏற்பாட்டில், அந்தப் பெட்டியை என் வீட்டு வாசல் சுவரில் மாட்ட நானே முன்வந்து சம்மதித்தேன். என் மனைவி குணமதிக்கு ஞாபகமறதி நோய். வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். சந்து முனையில் வலப்பக்கம் திரும்பினால் கிரிவலக் கூட்டம்; இடப்பக்கம் திரும்பினால் ஏரி. அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது கைப்பேசியில் தெரிந்தால் எனக்குப் போதும்.

2. பெட்டி மாட்டப்பட்டது. அதில் நீல விளக்கு எரிந்தது. கேமரா இயங்கவில்லை. ஆய்வுக்கு வந்தவர் என் வாசலோடு நின்று விளக்கைப் பார்த்து, "விளக்கு எரிகிறது, ஆகவே கேமரா இயங்குகிறது" என அறிக்கை அளித்துச் சென்றார். அந்த விளக்கு பெட்டிக்கு மின்சாரம் வருவதை மட்டுமே சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பம் வரை நடந்திருந்தால் அவருக்கும் தோன்றியிருக்கலாம். அன்று வெயில் அதிகம்தான்.

3. கேமராவின் அடியில் 802.3ஏ.எஃப். என்றும் 48 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கிறது. சுவரில் மாட்டிய பெட்டியில் 24 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, இரு கண்ணாடிகள் மாற்றிப் போட்டுப் படித்தேன். எழுத்து மாறவில்லை. ஒப்பந்ததாரரின் ஊழியர் திரு. கோபியிடம் காட்டினேன். "எல்லாம் ஒண்ணுதான் சார். ஒயர்ல கரண்ட் போவுது, லைட்டு எரியுது, அப்புறம் இன்னா?" என்றார். அடுத்த முறை வேறொரு பெட்டி கொண்டுவந்தார். அது 48 வோல்ட்தான். ஆனால் கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று பாராமல் மின்சாரத்தைத் தள்ளிவிடும் வகை. "இத்த மாட்டுனா கண்டிப்பா எரியும் சார்" என்றார். எந்தப் பொருளில் சொன்னார் என்று விளங்காததால், வேண்டாம் என்றேன். "பயனாளி ஒத்துழைக்க மறுப்பு" என்று பதிவாகியிருப்பதாக அறிகிறேன். மறுக்கும் அளவுக்குத் துணிச்சல் எனக்கிருப்பதாக அரசுப் பதிவேட்டில் இடம்பெற்றது இதுவே முதல் முறை.

4. அதன்பின் தங்கள் அலுவலகத்துக்கு எழுத்து மூலமாக விண்ணப்பித்தேன். மனுக்கள் தமிழில் இருக்க வேண்டும் என்று முகப்பில் பலகை இருந்ததால், இன்ஜெக்டர் என்பதை "உட்செலுத்தி" என மொழிபெயர்த்தேன். "உட்செலுத்தி ஒன்று அவசரமாகத் தேவை" என்ற அந்த மனு சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. செவிலியர் திருமதி தனம் ஐஸ் பெட்டியுடன் வந்து, "எங்க சார் கடிச்சுது? தெரு நாயா, வளத்த நாயா?" என்று கேட்டார். நான் சுவரில் இருந்த பெட்டியைக் காட்டி விளக்கினேன். "இதுக்கு ஊசி போட முடியாதே" என்று சிரித்தார். வந்தது வீணாக வேண்டாமென்று என் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "அம்மாவத் தனியா வுடாதீங்க சார்" என்று சொல்லிப் போனார். கேமரா விஷயத்தில் இதுவரை கிடைத்த ஒரே பயனுள்ள ஆலோசனை அதுதான். அவர்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

5. ஆனிப் பௌர்ணமியன்று மாலை, நான் கொல்லைப்புறம் சென்று திரும்புவதற்குள் குணமதி கிளம்பிவிட்டார். கைப்பேசியில் வெறும் கறுப்பு. எந்தப் பக்கம் என்று தெரியாமல், பயத்துக்கு நெருக்கமான பக்கமாக ஏரிக்கரைக்கு ஓடினேன். என் வயதில் ஓடினேன் என்பது சற்று மிகை. தண்ணீரையே பார்த்துக்கொண்டு கரையின் இரு கோடிக்கும் போய்வந்தேன். அவரோ வலப்பக்கம் திரும்பிக் கூட்டத்தோடு நடந்திருக்கிறார். குபேர லிங்கத்தருகே அன்னதானப் பந்தலில் கண்டெடுத்தார்கள். அத்தனை பேரில் அவரை எப்படி அடையாளம் கண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. தட்டை நீட்டியவரிடம், "பொழுது போயிடுச்சு, இனிமே சாப்பிடக் கூடாதுப்பா, நீயும் சாப்பிடாத" என்று கண்டித்திருக்கிறார். அன்னதானப் பந்தலில் அன்னத்தைத் தடைசெய்த ஒரே ஆள் என்பதால் விசாரித்து, புடவை முனையில் நான் முடிந்துவைத்த சீட்டிலிருந்த என் எண்ணுக்கு அழைத்தார்கள். தெருவையும் என் பெயரையும் மறந்துவிட்டவருக்கு அந்த விரதம் மறக்கவில்லை.

6. அன்றைய நிகழ்வைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன். தங்கள் அலுவலகத்தின் பதில் வந்தது. கேமரா இயங்குவதாக ஆய்வறிக்கை உள்ளது. அந்நேரத்தில் அம்மையார் அவ்வழியே சென்றதாகப் பதிவு ஏதும் இல்லை. எனவே அவர் அவ்வழியே செல்லவில்லை எனக் கருதப்படுகிறது. வரலாறு படித்தவன் என்ற முறையில் இந்த முடிவின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் வேறு வழி எங்கள் சந்துக்கு இல்லை.

7. ஆடிப் பௌர்ணமிக்கு வாசற்கதவைப் பூட்டிவைத்தேன். அவர் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, வழியில் போவோரையெல்லாம் கைகூப்பி, "இந்த ஆளு யாருன்னே தெரியல, என்னைப் பூட்டி வெச்சிருக்கான்" என்று முறையிட்டார். இரண்டு பக்தர்கள் என்னைக் கடுமையாகக் கண்டித்தார்கள். ஒருவர் படமும் எடுத்தார். அவருடைய கேமரா நன்றாக வேலை செய்தது. இனியொரு முறை பூட்ட எனக்கு மனம் வராது.

8. ஆகவே தாங்கள் வாங்க வேண்டிய இன்ஜெக்டர் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். தவறிருந்தால் திருத்திக்கொள்ளவும். பெட்டியிலும் கேமராவில் உள்ள அதே 802.3ஏ.எஃப். என்ற எழுத்து இருக்க வேண்டும். அந்த வகை, முதலில் மறுமுனையில் உள்ள கருவியை மெல்லத் தொட்டு, உனக்கு மின்சாரம் வேண்டுமா என்று கேட்டு, ஆம் என்று பதில் வந்தபின்பே கொடுக்குமாம். தேவையில்லாத கருவிக்குக் கொடுக்காது. ஆகவே எதையும் எரிக்காது. மற்ற வகை கேட்பதே இல்லை. தன்னிடம் இருப்பதைத் தள்ளிவிட்டு விளக்கை எரிய விட்டுக்கொள்ளும். கேட்டுக் கொடுப்பதற்கும் கேளாமல் கொடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாட்டைத் தங்கள் அலுவலகத்துக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். கேபிள் நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். இங்கே அதில் பாதிகூட இல்லை. பின்னாளில் சுழலும் கேமரா மாட்டுவதாக இருந்தால் மட்டும் கூடுதல் திறனுள்ள 802.3ஏ.டி. வகை தேவைப்படும். எங்களுக்குச் சுழல வேண்டாம். முனையைப் பார்த்தபடி நின்றால் போதும்.

9. வரும் ஆவணிப் பௌர்ணமிக்கு முன் அந்தப் பெட்டியை மாட்டித்தரவும், ஆய்வுக்கு வருபவர் தயவுசெய்து கம்பம் வரை நடந்து பார்க்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். குடையும் மோரும் நான் ஏற்பாடு செய்கிறேன்.

10. ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மாலையில் குணமதி அந்த நீல விளக்கின் கீழ் வந்து உட்காருவார். "ஏங்க, லைட்டு எரியுதே, நம்மள யாரோ பாத்துக்கிட்டுத்தான இருக்காங்க?" என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன். அந்த நம்பிக்கையில்தான் அவர் பயமின்றிக் கதவைத் திறந்துகொண்டு போகிறார் என்று நினைக்கிறேன். விளக்கைப் பற்றி எனக்குக் குறை ஏதுமில்லை, ஐயா. அது எரிகிறது.

பதிலை எதிர்நோக்கி வாசலிலேயே இருக்கும்,

(ஒப்பம்)
ப. நேமிநாதன்

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 22.08.2025

இணைப்பு: கேமராவின் அடிப்பக்கம், பெட்டியின் மேற்பக்கம் – நிழற்படங்கள் இரண்டு. (விளக்கு எரிவது இரண்டாவதில் தெளிவாகத் தெரியும்.)