இனாயத்தின் நெற்றியில் தண்ணீர்

1933 ஜூன் 2

கன்னியர் நடத்தும் எங்கள் குழந்தைகள் இல்லத்தில் காலையிலிருந்து ஒரே அழுகை. புதிதாக வந்திருக்கும் இனாயத் புட்டிப்பாலை வாங்கமாட்டேன் என்கிறான். அவன் அம்மா அஸ்மத்துன்னிசா மீர்சாப்பேட்டைக்காரி, புருஷன் இல்லாதவள். டைபாய்டு காய்ச்சலோடு ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் எங்களிடம் விட்டுப்போனாள். “நல்லானதும் வந்து இட்டுக்கினு போறேன். யாருக்கும் குடுத்துடாதக்கா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொடுக்கமாட்டேன் என்று நானும் சொல்லிவைத்தேன்.

ஜூன் 5

இனாயத்துக்குப் பேதி. கண் செருகிவிட்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இல்லத் தலைவி மதர், சாந்தோம் கோவிலில் இருந்தார்; ஆயா வெந்நீர் கொண்டுவரப் போயிருந்தாள். மூச்சு நின்றே போயிற்று என்று நினைத்தேன். சாகிற குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அது இங்கே எங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பது. கூஜாத் தண்ணீரை நெற்றியில் ஊற்றி, என் அப்பா பெயரையே வைத்தேன். அல்போன்ஸ்.

மதரிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 6

கண் விழித்துப் பார்க்கிறான்! பால் குடித்தான். என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான், போக்கிரி.

சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே அது ஞாபகம் வந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை திருச்சபையின் பிள்ளை. வேறு மதத்தில் வளர அனுப்பமாட்டார்கள். போன வருஷம் இப்படித்தான் ஒரு தாயை வெறுங்கையோடு அனுப்பினார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு அவள் கதறியது எனக்கு மறக்கவில்லை.

மதரிடம் சொல்லவில்லை.

ஜூன் 9

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 13

சோறு இறங்கவில்லை. “உடம்புக்கு என்ன மர்சலின்?” என்று மதர் கேட்கிறார். என்னத்தைச் சொல்ல? வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் பிள்ளை போயிற்று. திறக்காவிட்டால் ஒரு ஆத்துமத்துக்கு நான் பதில் சொல்லவேண்டும். ஐயோ, என்ன காரியம் செஞ்சு தொலைச்சேன்! சும்மா இருந்திருக்கக்கூடாதா? — சும்மா இருந்து அவன் செத்துப்போயிருந்தால்?

ஜூன் 16

வந்துவிட்டாள். தலையை மழித்திருக்கிறார்கள், முக்காட்டுக்குள் எலும்பும் தோலுமாக இருந்தாள். “எம் புள்ள கீறானா அக்கா?” என்றாள். எப்படி இருக்கிறான் என்றுகூட இல்லை, இருக்கிறானா என்றுதான் கேட்டாள்.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். அனுப்புமுன் எப்போதும் கேட்பதை மதர் கேட்டார். “நோயில் கிடந்தானே, அவசர ஞானஸ்நானம் யாராவது கொடுத்தீர்களா?” ஆயா இல்லையென்று தலையாட்டினாள். மதர் என்னைப் பார்த்தார்.

“இல்லை மதர்” என்றேன்.

அஸ்மத்துன்னிசா அவனை வாங்கி மோந்து மோந்து பார்த்தாள். “யம்மாடி, இன்னா கனம் கனக்கறான்!” என்று சிரித்தாள். ரிக்‌ஷா தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன்.

ஜூன் 18, ஞாயிறு

பூசையில் எல்லாரும் நற்கருணை வாங்க எழுந்து போனார்கள். நான் மட்டும் முழங்காலில் இருந்த இடத்திலேயே இருந்தேன். மதர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நேற்று சாயந்திரம் சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்திருந்தார். செய்த பாவத்தை அவரிடம் சொல்லி மன்னிப்பு வாங்காமல் நற்கருணை வாங்கக்கூடாது. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். சொன்ன பொய்க்கு முதலில் மனம் வருந்தி மனஸ்தாபப்படவேண்டுமே. முயன்று பார்க்கிறேன், வரவில்லை.