கோயில் இல்லாத வழி

சிவமயம்

ஜெலுத்தோங், பினாங்கு
பிப்ரவரி 6

அன்பிற்குரிய வடிவுக்கு,

நீயும் மகள் பிரமிளாவும் மருமகனும் குழந்தை கோகிலனும் ஈப்போவில் குறைவின்றி இருக்கத் திருவருளை வேண்டி இதை எழுதுகிறேன். இங்கே நான் நலம். தண்ணீர்மலையில் தைப்பூசம் நிறைவாக நடந்தேறியது. நீ இல்லாததால் அன்னதானப் பந்தலில் சாம்பாருக்கு உப்புப் போட்டவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. போட்டவர் இருவர் என்பது மட்டும் தெரிந்தது.

தொலைபேசியில் பேசாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். தொலைபேசியில் நாம் எரிவாயுத் தோம்பைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் மட்டுமே பேசப் பழகிவிட்டோம். அதற்கு அப்பாற்பட்ட செய்தி ஒன்று என் நெஞ்சில் இருக்கிறது.

"எனக்கும் எங்கேயாவது ஊர் சுற்றிப் பார்க்கணும் போல இருக்கு" என்று நீ சொன்னதாகப் பிரமிளா சொன்னாள். அன்று முதல் அந்தச் சொல் என்னைவிட்டு அகலவில்லை. ஆதலால் ஒரு முடிவு செய்தேன். நம் மோட்டார் காடியிலேயே சயாமுக்குப் போய்வருவோம். நாம் இருவரும் விமானமேறிப் பாரத நாட்டுக்குப் பலமுறை போயிருக்கிறோம். ஆயின் நம் சொந்தக் காடியில் எல்லை கடந்து வேற்று நாடு புகுந்ததில்லை.

சந்தை முனையில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் ஷேக் அலாவுதீனிடம் வழி கேட்டேன். அவர் ஆண்டுதோறும் போய்வருபவர். "புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையத் தாண்டினா நேர் ரோடுதான் அண்ணே, கண்ணக் கட்டிக்கிட்டு ஓட்டலாம் லா" என்றார். கண்ணைத் திறந்துகொண்டே ஓட்டுவதாக அவருக்கு வாக்களித்தேன்.

பயண ஒழுங்கு இதுவே. முதல் நாள் ஹட்யாய்; அங்கே நான்முகன் திருவுருவம் ஒன்று மலைமேல் உள்ளதாம், வழிபடலாம். மறுநாள் சொங்க்லா கடற்கரை. அருகே பழமையான புத்த விகாரம், அதையும் தரிசிக்கலாம். மூன்றாம் நாள் திரும்பும் வழியில் சுங்கைப் பட்டாணி முருகனை வணங்கி வீடு சேரலாம். உன் கருத்தை அறிய ஆவல்.

திருவருள் துணையால் என்றும் உன்,
கார்த்திகேசு


ஈப்போ
பிப்ரவரி 13

அன்புள்ள பிரமிளா அப்பாவுக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். பிறகு பிரமிளாவுக்குப் படித்துக் காட்டினேன். "மூணு நாளுக்கு மூணு கோயிலா, அப்பா மாறவே மாட்டாரும்மா" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் உங்களிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். நான் சொன்னது இது: "எங்கேயாவது ஊர் சுற்றிப் பார்க்கணும், கோயில் இல்லாத ஊரா."

கோபப்படாதீர்கள். இந்தியாவுக்குப் பல தடவை கூட்டிப் போனீர்கள், மறுக்கவில்லை. அங்கே நான் பார்த்தது வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களின் முதுகுதான். இங்கே காடியில் போகும்போதும் முன் இருக்கையில் உங்கள் சுருதிப்பெட்டி இருக்கும், அதற்கு பெல்ட்டும் போட்டுவிடுவீர்கள். நான் பின்னால் சர்க்கரைப் பொங்கல் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு, வளைவில் சாயாமல் பிடித்துக்கொண்டு வருவேன். போய்ச் சேர்ந்ததும் நீங்கள் சன்னதிக்கு முன்னால் ஓதிக்கொண்டு, நான் மடைப்பள்ளியில். எந்த ஊருக்குப் போனாலும் எனக்குத் தெரிந்தது அடுப்பும் குண்டானும்தான்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்தேன் என்று ஊருக்குச் சொன்னோம். குழந்தை இப்போது ஓடுகிறான். நான் இன்னும் இங்கேயே இருக்கிறேன். ஏன் என்று நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கோபம் இல்லை, களைப்பு. வேறொன்றும் இல்லை.

சயாமுக்கு வருகிறேன். ஆனால் போகும் வழியிலும் வரும் வழியிலும் கோயில் கூடாது. விகாரமும் கோயில்தான். பிறகு, பாதித் தூரம் நான் ஓட்டுவேன். முகம் சுளிக்காதீர்கள். லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து புதுப்பித்துக்கொண்டுதான் வருகிறேன், ஓட்டத்தான் வாய்க்கவில்லை. இங்கே வந்தபின் பிரமிளாவின் காடியில் தினமும் சந்தைக்குப் போகிறேன். மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார், ஆனால் இதுவரை ஒரு கீறல் இல்லை.

டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை எடுத்துவிட வேண்டாம். கோயில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நீங்கள் வேறு ஆளாக மாற வேண்டும் என்று சொல்லவில்லை.

இந்தப் பயணம் எப்படி அமைகிறது என்று பார்ப்போம். நான் எங்கே இருப்பது என்பதை அதன்பிறகு யோசிக்கலாம்.

வடிவு


சிவமயம்

ஜெலுத்தோங், பினாங்கு
பிப்ரவரி 21

அன்பிற்குரிய வடிவுக்கு,

உன் மடல் வந்தது. அன்று மாலைப் பூசையில் பதிகம் ஓதத் தொடங்கிப் பாதியில் அடி மறந்து நின்றேன். ஆயுளில் முதன்முறை.

இறைவன் இல்லாத ஊர் எதுவென்று உன்னோடு வாதிட முதலில் நான்கு பக்கம் எழுதினேன். அவன் எள்ளுள் எண்ணெயாய் எங்கும் நிறைந்தவன் என்றெல்லாம் விரித்தேன். பிறகு படித்துப் பார்த்தேன். எங்கும் இருப்பவனைத் தேடி நாம் ஏன் சுங்கைப் பட்டாணியில் காடியை நிறுத்த வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நான்கு பக்கத்திலும் விடை இல்லை. ஆகவே அவற்றை உனக்கு அனுப்பவில்லை. உன் இரு விருப்பங்களுக்கும் இசைகிறேன்.

பயண ஏற்பாடுகள் நடக்கின்றன. காடியின் உரிமை அட்டை என் பெயரில் இருப்பதால் எல்லையில் தடையில்லை. சயாம் நாட்டுக்குரிய வாகனக் காப்புறுதியை எல்லைக்கு முன்னுள்ள சாங்லூன் கடைகளில் எடுத்துக்கொள்ளலாம். உணவைப் பற்றித்தான் கவலை கொண்டேன். அங்கே கீரைக்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்களாம். அலாவுதீன் நோன்பு நோற்றிருக்கும் நேரத்திலும் எனக்காகச் சோற்றைப் பற்றிப் பொறுமையாகப் பேசினார். "மஞ்சக் கொடி தொங்குற கடையாப் பாருங்க அண்ணே. 'ஜே'ன்னு கேட்டா போதும், முட்டைகூடப் போட மாட்டான்" என்றார். நம் ஊர்ச் சீனர்கள் ஒன்பது நாள் விரதத்தின்போது கட்டுகிற அதே மஞ்சள் கொடியாம். அந்தச் சொல்லை நாள்தோறும் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகுகிறேன்.

புறப்படும் நேரத்தையும் கணித்துவிட்டேன். வியாழன் காலை புறப்பட்டு, நண்பகலில் சாங்லூன் சேர்ந்து, உணவருந்தி, இராகு காலம் முற்றும் கழியும்வரை அங்கேயே அமர்ந்திருந்து, அதன்பின் எல்லையைக் கடப்போம். இதில் குற்றம் காண இயலாது என்று நம்புகிறேன்.

எந்த வாரத்து வியாழன் என்பதை மட்டும் நீ சொல்.

என்றும் உன்,
கார்த்திகேசு


ஈப்போ
மார்ச் 1

அன்புள்ள பிரமிளா அப்பாவுக்கு,

நீங்கள் 'ஜே' சொல்லிப் பழகுவதை நினைத்துச் சோற்றில் கை வைத்தபடியே சிரித்தேன். பாட்டி ஏன் சிரிக்கிறாள் என்று கோகிலனும் சேர்ந்து சிரித்தான்.

ஆனால் உங்கள் கணக்கில் குற்றம் இருக்கிறது. சயாமில் கடிகாரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நீங்கள் சாங்லூனில் உட்கார்ந்து கழித்துவிட்டு வரும் ராகு காலம், எல்லைக்கு அந்தப் பக்கம் மறுபடி நமக்காகக் காத்திருக்கும். நாம் இரண்டாம் தடவை அதற்குள்ளேயே போய் விழுவோம். உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோகம் வாய்த்திருக்காது.

இனி நாளைச் சொல்கிறேன். எழுதவே தயக்கமாக இருக்கிறது.

பிரமிளாவுக்கு ஆபீசில் லீவு கிடைப்பது பங்குனிக் கடைசி வாரங்களில் ஒன்றே ஒன்று. அவள் வீட்டில் இருந்தால்தான் குழந்தையை விட்டு நான் கிளம்ப முடியும். ரம்ஜான் கூட்டமும் பள்ளி விடுமுறைக் கூட்டமும் அதற்குள் வடிந்திருக்கும், ஹட்யாயில் அறையும் சுலபமாகக் கிடைக்கும். எல்லாம் பொருந்தி வருகிறது, ஒன்றைத் தவிர. காலண்டரைப் பார்த்தேன். பங்குனி உத்திரம் அந்த வாரத்தில்தான் வருகிறது.

உத்திரத்தன்று சன்னதியில் நீங்கள் ஓதாமல் இருந்ததில்லை. காய்ச்சலோடும் போனீர்கள். பிரமிளா பிறந்த வருஷமும் ஓதிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். நான் வேண்டுமென்றே இந்த நாளைப் பொறுக்கவில்லை. நம்புங்கள். அவள் மேலதிகாரியிடம் கேட்டும் பார்த்தாள், மாற்ற முடியாது என்றுவிட்டார்.

அவசரப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள். சண்டை போட மாட்டேன். என் இடம் எது என்று எனக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

வடிவு


சிவமயம்

ஜெலுத்தோங், பினாங்கு
மார்ச் 17

அன்பிற்குரிய வடிவுக்கு,

நீ சொன்னபடியே அவசரப்படவில்லை. நாள்கள் பல கடந்துவிட்டதற்குப் பொறுத்துக்கொள்.

முதலில் எளியதை முடித்துவிடுகிறேன். இராகு காலச் சிக்கலை அலாவுதீனிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு தடவ வருதா? கவலய விடுங்க அண்ணே, இம்மிகிரேசன் கியூவுல நிக்கும்போதே ரெண்டாவதும் முடிஞ்சிரும்" என்றார். நான் வேறு வகையில் தெளிந்தேன். காலத்தை வகுப்பவன் கதிரவன்; அவனுக்கு எல்லைச் சாவடி கிடையாது. மனிதர் கடிகார முள்ளைத் திருப்புவதால் அவன் திரும்பி வருவதில்லை. எனவே ஒருமுறை கழிந்தது கழிந்ததே.

இனி அரியது.

உத்திரத்துக்காக ஓதிப் பார்க்க அமர்ந்தேன். அம்மையைத் தன் இடப்பாகத்தே வைத்த பெருமானைப் போற்றும் பதிகம். எத்தனையோ ஆண்டுகளாக நெஞ்சுருகிப் பாடியது. அன்று பாடுகையில் நம் காடியின் நினைவு வந்தது. இடப்பக்க இருக்கையில் சுருதிப்பெட்டி. நீ பின்னால், குண்டானோடு. தன் உடம்பில் பாதியைக் கொடுத்தவனைப் பாடுகிற நான் ஓர் இருக்கையைக் கொடுத்ததில்லை. அதற்குமேல் பாட்டு எழவில்லை. பெட்டியை மூடினேன்.

மறுநாள் ஆலயக் குழுக் கூட்டத்துக்குப் போனேன். இவ்வாண்டு உத்திரத்தில் ஓத இயலாது என்றேன். தலைவர் பக்கிரிசாமி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஐயா சொல்றீங்க? உத்திரத்தன்னிக்கு நீங்க இல்லாம எப்படி? உடம்பு முடியலயா?"

"உடம்புக்கு ஒன்றுமில்லை."

"அப்ப யாத்திரையா? பழனியா? சொல்லுங்க, அறிவிப்புல போட்டுருவோம். ஜனங்க கேப்பாங்கல்ல."

நல்ல வழியை அவரே திறந்துவிட்டார், வடிவு. தலையை ஆட்டியிருந்தால் போதும். என் பெயர் இன்னும் உயர்ந்திருக்கும். ஒரு கணம் தயங்கினேன் என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பிறகு சொன்னேன்: "யாத்திரை இல்லை. மனைவியோடு ஊர் சுற்றப் போகிறேன்."

பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "ஐயா எழுபதுல ஹனிமூன் போறாரு டோய்" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை.

குழுவில் இருந்த மோகனராஜ் என் இடத்தில் ஓதுவதாக ஒப்புக்கொண்டார். குரல் சற்று முரடு, பக்தி மெய்யானது. ஆண்டவன் குறையாகக் கொள்ளமாட்டான். என் ஓதல் இல்லாவிட்டால் உத்திரம் நடவாது என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது. அது பக்தி அன்று என்பது இப்போது விளங்குகிறது.

எல்லை தாண்டியதும் நீ ஓட்டு. இடப்பாகத்தில் நான் அமர்கிறேன். வழி சொல்ல மாட்டேன். பிரேக் இல்லாத இடத்தில் பிரேக்கை மிதிக்காமல் இருக்க முயல்வேன். அது மட்டும் என் காலின் விருப்பத்தைப் பொறுத்தது.

மூன்று நாளுக்கும் பயண ஒழுங்கு எதுவும் நான் எழுதவில்லை. நீ எங்கே திரும்புகிறாயோ அதுவே வழி.

என்றும் உன்,
கார்த்திகேசு


ஈப்போ
மார்ச் 23

அன்புள்ள பிரமிளா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரமிளாவுக்குப் படித்துக் காட்டவில்லை. கேட்டாள், தரவில்லை. என் பைக்குள் இருக்கிறது.

பழனி என்று சொல்லியிருக்கலாம். நானே சொல்லச் சொல்லியிருப்பேன். சொல்லாமல் வந்தீர்கள்.

சொங்க்லாவில் கடலைப் பார்த்த அறையாகப் பிரமிளா போட்டுவிட்டாள். கீழேயே மஞ்சள் கொடிக் கடை இருக்கிறதாம். முதல் நாள் 'ஜே' நீங்கள்தான் கேட்க வேண்டும், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன்.

உத்திரத்தன்று மாலை நாம் அங்கேதான் இருப்போம். அன்றைக்கு நீங்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கடற்கரையில் காடியை நிறுத்திவிட்டு, அந்தப் பதிகத்தைப் பாடுங்கள். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் பாடுவது என் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் எப்போதும் மடைப்பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே. பக்கத்தில் உட்கார்ந்து முழுசாக ஒரு பாட்டுக் கேட்டதில்லை. இதைக் கோயில் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

புதன்கிழமை காலை ரயிலில் பட்டர்வொர்த் வருகிறேன். ஸ்டேசனுக்கு வாருங்கள். கையில் ஒரு சின்னப் பை இருக்கும், சயாமுக்கு அது போதும். கூட ஒரு பெரிய பெட்டியும் வருகிறது, கனமானது, ஜாக்கிரதையாகத் தூக்குங்கள், இடுப்பைப் பிடித்துக்கொள்ளப் போகிறது. அதைக் காடியிலேயே விட்டுவிட வேண்டாம். லிப்ட் ஓடவில்லை என்றால் தம்பி அலாவுதீனைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே ஏற்றி, நம் அறையில் வைத்துவிடுங்கள். அலமாரியில் என் தட்டில் உங்கள் பஞ்சாங்கங்களை அடுக்கியிருப்பீர்கள் என்று தெரியும். அதைக் காலி செய்து வையுங்கள்.

உங்கள்
வடிவு