மிருதுளா இன்னும் பூட்டிய அறையில்தான் இருக்கிறாள், சித்தி

டீயை ஆறவிட்டே குடிக்கும் என் அன்புச் சித்திக்கு,

நாவல் தளத்தில் நீங்கள் எழுதிவந்த கதைத் திரியைத் தினமும் திறந்து பார்க்கிறேன். பாஸ்வேர்டை நான் மாற்றவில்லை. அங்கே இருக்கும் யாருக்கும் நீங்கள் இறந்துபோனது தெரியாது. "ரைட்டர் சிஸ், அடுத்த யூடி எப்போ?" என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அடுத்த அத்தியாயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் யூடி என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள், சிரித்துக்கொண்டே.

ஒரு அக்கா கோபமாகப் போட்டிருந்தார்: "பாதியில விட்டுட்டுப் போற ரைட்டர்ஸைக் கண்டாலே கடுப்பா வருது." அவருக்கு என்ன பதில் எழுதுவது? சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை என்று எப்படி டைப் அடிப்பது? இரண்டு வரி அடித்தேன். அழித்துவிட்டேன்.

இன்று அழிக்கப் போவதில்லை. இந்தக் கடிதத்தை உங்கள் திரியிலேயே போடப் போகிறேன். அதனால் என் பெயரையும் அவன் பெயரையும் எழுதவில்லை. ஊரை மறைக்கவில்லை. நெய்வேலியில் எத்தனை பிளாக், எத்தனை குவார்ட்டர்ஸ், எத்தனை பெண் பிள்ளைகள்.

அவனை உங்களுக்குத் தெரியும். நம் மாதா கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவன். நீங்கள் போன அன்று பந்தல்காரரைக் கூட்டி வந்ததும், நாற்காலிகளை இறக்கியதும் அவன்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு அவன் "நம்ம வூட்டுப் புள்ள மாதிரி". நான் அவனை அண்ணா என்றுதான் கூப்பிட்டேன்.

முதலில் நான் டியூஷன் விட்டு வரும்போது பின்னாலேயே பைக்கில் வந்தான். பிறகு குறுக்கே நிறுத்தினான். நம் ஊர்ச் சாலைகள் உங்களுக்குத் தெரியாததா? இரண்டு பக்கமும் மரம், அகலமான ரோடு, ஆள் இருக்காது. நைட் ஷிப்ட் பார்த்தவர்கள் தூங்க வேண்டும் என்று பகலில்கூட சத்தம் போடாமல் பழகிய ஊர் இது. எனக்கும் அதே பழக்கம்தான். சத்தமே வரவில்லை, சித்தி.

"எதுக்கு ஓடுற? புடிக்கலன்னா கோவில் திருவிழால என்னப் பாத்து ஏன் சிரிச்ச?" என்றான்.

"எல்லாரையும் பாத்துதான் அண்ணா சிரிச்சேன்."

"அண்ணான்னு சொல்லாத." மணிக்கட்டைப் பிடித்தான். விடும்போது கண்ணாடி வளையல் உடைந்திருந்தது. சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, "தங்கச்சிக்கு ரொம்ப அடியா ஆன்ட்டி?" என்று கேட்டான். அம்மா அவனுக்குக் காபி போட்டுக் கொடுத்தார்.

இதை நான் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு ப்ரியா என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். என் வகுப்பு, அடுத்த பிளாக். நான் அழுதுகொண்டே சொல்கிறேன், அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏய், செம டி! நான் படிக்கிற கதைல அபய்னு ஒரு ஹீரோ. அச்சு அசல் அவன மாதிரியே இருக்காங்க உங்க அண்ணா."

உங்கள் அபய், சித்தி. எழுதியது நீங்கள்தான் என்று அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பயந்து நாம் யாரிடமும் சொல்லவில்லையே.

உங்கள் கதைகளில் கதாநாயகிக்கு எப்போதும் ஒரு தோழி இருப்பாள். கதாநாயகிக்கே தெரியாமல் ஹீரோவுக்கு எல்லாம் சொல்வாள். கடைசியில் இருவரும் அவளுக்கு நன்றி சொல்வார்கள். ப்ரியா அந்தத் தோழி ஆகிவிட்டாள். என் டியூஷன் நேரத்தை அவள்தான் சொல்லியிருக்கிறாள். நான் எந்த வழியாக வருவேன் என்பதையும் அவள்தான். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள்.

நேற்று பள்ளியில் காதோடு சொன்னாள்: "பயப்படாத. உங்க வீட்ல எப்படி ஒத்துக்க வைக்கிறதுன்னு நான்தான் அவங்களுக்கு ஐடியா குடுத்தேன்."

"என்ன ஐடியா?"

"அதான், கதைல வர்ற மாதிரி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்கள் கதாநாயகி மிருதுளாவின் அக்கா கல்யாணத்தில், அத்தனை கூட்டத்துக்கும் நடுவில், "நாங்க ரெண்டு பேரும் விரும்புறோம்" என்று அபய் பொய் சொல்வான். மிருதுளா இல்லை இல்லை என்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். மானத்துக்குப் பயந்து அவள் அப்பா அந்த மேடையிலேயே அவனுக்குக் கட்டி வைத்துவிடுவார். அந்த அத்தியாயத்துக்கு வந்ததுபோல நமக்கு வேறு எதற்கும் கமெண்ட் வந்ததில்லை. "கெத்து ஹீரோ", "மாஸ் சீன் சிஸ்". பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப் பிழை பார்த்த எனக்கும் அப்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நாளைக்குக் கல்லறைத் திருநாள், சித்தி. உங்களுக்கு முதல் கல்லறைத் திருநாள். அம்மா சாமந்தி வாங்கி வைத்துவிட்டார். அப்பா ஷிப்ட் முடித்து நேராக உங்கள் கல்லறைக்கு வந்துவிடுவார். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து மாமா எல்லாரும் வருகிறார்கள். இன்று மாலை அவனிடமிருந்து மெசேஜ் வந்தது: "நாளைக்கு உங்க சித்தி கல்லறைகிட்ட உங்கப்பாகிட்ட சொல்லிடுவேன். அத்தன பேர் முன்னாடி நீ இல்லன்னு சொன்னா யார் நம்புவா?"

யார் நம்புவார்கள்? அப்பா நல்லவர்தான். ஆனால் கூட்டத்தில் தலை குனிந்துவிட்டால் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. நம் தெருவில் ஒரு அக்கா ப்ளஸ் டூ எழுதாமலே கல்யாணமாகிப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். நான் பரீட்சை எழுத வேண்டும், சித்தி. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உங்கள் மேல் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அபய் மிருதுளாவின் கையை முறுக்கும் இடத்தில் நான் உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "சித்தி, நெஜமா எவனாவது இப்படிப் பண்ணா?"

டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னீர்கள்: "நெஜத்துல எவனாவது கையப் புடிச்சா செருப்பாலயே அடிப்பேன்."

"அப்ப அத எழுதுங்களேன்."

"அத எழுதுனா யாருடி படிப்பா?"

இருவரும் சிரித்தோம். செருப்பாலடிப்பதை ஏன் எனக்கு மட்டும் சொன்னீர்கள்? ப்ரியாவுக்கும் சொல்லியிருக்கலாமே? அவள் உங்கள் ஒரு யூடியைக்கூட விட்டதில்லை.

ஆனால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் உங்கள் கதையைப் படித்துத்தான் அழாமல் இருந்தேன் என்று எழுதிய அக்காவையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தீர்கள். அதுவும் பொய்யில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நீங்கள் கடைசியாக எழுதியது: எஸ்டேட் பங்களாவில், மாடி அறையில் மிருதுளாவை வைத்து அபய் வெளியே பூட்டுகிறான். அவளைக் கொல்ல யாரோ அலைகிறார்களாம், பாதுகாப்புக்காகவாம். கொலைகாரன் யார் என்று எனக்குக்கூடச் சொல்லாமல் போய்விட்டீர்கள். இன்றைக்கு அதை மறுபடி படித்தபோது, அது யாராக இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. அவள் முதலில் வெளியே வரட்டும்.

இப்போதுதான் அம்மா உள்ளே இருந்து கேட்டார்: "இன்னும் தூங்கலையாடி? என்னா பண்ணிக்கினு இருக்க?"

"படிக்கிறேன்மா."

"காலைல சித்தியப் பாக்கப் போவணும். படு."

சித்தியைப் பார்க்க. அம்மா கல்லறைக்கு என்று சொல்லவே மாட்டார்.

அம்மா அறைக் கதவு உங்களுக்குத் தெரியுமே. மழை வந்தால் மரம் ஊறி, சாத்தவே வராது. நீங்கள் காலால் உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, இதுக்கு ஒரு கதவு ஒரு கேடா" என்று விட்டுவிடுவீர்கள். இப்போதும் பாதி திறந்துதான் கிடக்கிறது. மிருதுளாவின் கதவு வெளியே பூட்டியிருக்கிறது. எனக்கு அப்படி இல்லை.

அதனால் சத்தியம் செய்கிறேன், சித்தி. இதைப் போட்டதும் எழுந்து போய் அம்மாவை எழுப்புவேன். உடைந்த வளையலை எடுத்து வைத்திருக்கிறேன், மெசேஜும் இருக்கிறது. இரண்டையும் காட்டுவேன். அம்மா நம்பாவிட்டால் திரும்பவும் சொல்வேன். நாளைக்கு அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் திறப்பேன், அத்தனை பேர் முன்னாலும், உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. ப்ரியா, நீ இதைப் படித்தால், நாளைக்கு நீயும் வந்து நில்.

பரீட்சை முடிந்ததும் மிருதுளாவுக்கு அடுத்த யூடி நான் எழுதுவேன். அதில் அபய் வந்து கதவைத் திறக்க மாட்டான்.

எழுத்துப் பிழை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த முறை நீங்கள்.

உங்கள் கதையை எல்லாரையும்விட முதலில் படித்த,
உங்கள் அக்கா மகள்