உங்களுக்காக நான் சொன்ன பதில்கள்

நேற்று காலை என் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: சுகாதார நிலையத்திலிருந்து வரும் மகேஸ்வரி, என் வீட்டுக்காரர், நான். மகேஸ்வரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்தாள். அதே தாள்தான் அக்கா. பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஜெராக்ஸ் மை சரியாகப் பிடிக்காமல் கடைசி வரி பாதி அழிந்திருக்கும். அதுகூட அப்படியே இருந்தது. எனக்கு அறுபது முடிந்துவிட்டதால் இனி எனக்கும் இது உண்டாம்.

"மனசு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிறதுக்குத்தாம்மா, பயப்படாதீங்க" என்றாள். வாழ்க்கை மொத்தத்தில் திருப்தியாக இருக்கிறதா என்பது முதல் கேள்வி.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அவளுக்கென்ன கொறை? சஷ்டி, கார்த்திகைன்னு கோயிலே கதியா கெடக்கா. ஆமான்னு போடும்மா."

மகேஸ்வரியின் பேனா கட்டத்தின் மேல் போய் நின்றது. "நீங்க போயி பாலு வாங்கிட்டு வாங்க" என்று அவரை எழுப்பி அனுப்பினேன். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பதினைந்துக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என் கதை இருக்கட்டும். அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் என்றே இருக்கிறது.

அன்றைக்கு உங்கள் வீட்டிலும் மூன்று பேர்தான். கட்டில் விளிம்பில் நீங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் மகேஸ்வரி. உங்கள் காலடியில், தரையில் நான். உங்கள் வீட்டுக்கார அண்ணன் மவுத்தாகி, அடக்கம் முடிந்து மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் ஏலக்காய் மூட்டை அடுக்கிய மூலை காலியாகிவிட்டது. வாசம் மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. நான் சாம்பார் கொண்டுவந்த தூக்குவாளி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

மகேஸ்வரி சின்னமனூர்ப் பக்கத்துப் பெண். முஸ்லிம் வீடுகளில் அவளுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எனக்கு அப்படி இல்லை. கம்பத்தில் இந்தத் தெருவுக்கு வாழவந்த நாளிலிருந்து உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர்தான். உங்கள் நோன்பு எது, பெருநாள் எது, எந்தத் தொழுகை எந்த நேரம் என்று எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதி வைத்தவள் நான். என் சாமியை நீங்கள் கிண்டல் செய்வதும் அந்தப் பழக்கத்தில்தானே. நான் வெள்ளிக்கிழமை பூக்கூடையோடு கிளம்பினால், "ஏத்தா, உங்க முருகனுக்கு ரெண்டு வீடு. இன்னைக்கு எந்த வீட்டுல இருக்காருன்னு விசாரிச்சிட்டுப் போ, வெட்டியா அலையாத" என்பீர்கள். நான் சிரித்துக்கொண்டே, "அவரு எங்கிட்டுப் போனாலும் எனக்குச் சொல்லிட்டுத்தான் போவாரு" என்பேன். உங்களை எனக்குத் தெரியும் என்ற நினைப்பு எனக்கு நிறைய இருந்தது அக்கா. அன்றைக்கு அந்த நினைப்போடுதான் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே போவதைவிட வீட்டுக்குள்ளேயே இருப்பது பிடித்திருக்கிறதா என்று மகேஸ்வரி கேட்டாள். நான் முந்திக்கொண்டேன். "அவுக இத்தாவுல இருக்காகம்மா. புருசன் தவறிட்டா நாலு மாசம் பத்து நாளு வாசப்படி தாண்டக் கூடாது. அது அவுக மொறை. அத ஒரு கணக்குல சேக்காத."

முன்னே ஆசையாகச் செய்த காரியங்களை விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள். "பூ வைக்கக் கூடாது, அத்தர் பூசக் கூடாது, நல்ல துணி உடுத்தக் கூடாது. விடாம என்ன செய்வாக?" என்றேன். பொழுது வெறுமையாகத் தெரிகிறதா என்றாள். "அஞ்சு வேளை தொழுகை, அதுக்கு நடுவுல ஓதுறாக. அவுகளுக்கு எங்க நேரம் இருக்கு?" என்றேன்.

மகேஸ்வரி ஒரு தடவை பேனாவை மூடி வைத்தாள். "அம்மா, அவங்களையே சொல்ல விடுங்க. எதனாலன்னு இந்தத் தாளுல கேக்கல. இருக்கா இல்லையான்னுதான் கேக்குது."

சின்னப் பெண் எனக்குச் சொல்லித்தருகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "எங்க தெருப் பழக்கம் ஒனக்குத் தெரியாதுத்தா" என்றேன்.

நீங்கள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உயிரோடு இருப்பது நல்லதாகப் படுகிறதா என்று அவள் உங்களைப் பார்த்தே கேட்டபோது, "அல்லா போதுமானவன்" என்றீர்கள். அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. தாங்க முடியாத நாளில் நானும்தான் "முருகன் பாத்துக்குவான்" என்று சொல்கிறேன். அன்றைக்கு என்னைத் திருப்தியாக இருக்கிறாயா என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் தலையை ஆட்டினேன்.

ஒரே ஒரு இடத்தில் நீங்களாகவே வாயைத் திறந்தீர்கள். உங்கள் நிலைமை இனித் தேறாது என்று தோன்றுகிறதா என்ற கேள்வி அது. உங்கள் கை முக்காட்டு நுனியைத் திருகிக்கொண்டிருந்தது.

"விடிஞ்சாலே..." என்றீர்கள்.

"விடிஞ்சா தொழுகைக்கு எந்திரிச்சிருவாகம்மா, அப்புறம் தூக்கம் வராது" என்று முடித்துவிட்டேன்.

நீங்கள் வாயை மூடிக்கொண்டீர்கள். விடிந்தாலே என்ன அக்கா? விடிந்தாலே பயமாக இருந்ததா, விடிந்தாலே ஏன் விடிந்தது என்று இருந்ததா? நடுவில் நான் புகாமல் இருந்திருந்தால் ஒரு வாக்கியம் முழுதாக வந்திருக்கும். நான்கு சொல் போதுமாக இருந்திருக்கும்.

மகேஸ்வரி கூட்டிப் பார்த்தாள். மூன்று வந்தது. "கொறைவாத்தான் இருக்கு. அஞ்சுக்கு மேல வந்தாத்தான் டாக்டர்கிட்ட அனுப்பணும்" என்று சொல்லி, உங்கள் மருந்து நோட்டில் மூன்று என்று போட்டு, பக்கத்தில் 'நல்ல நிலை' என்று எழுதினாள். சர்க்கரை மாத்திரை அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனாள். பரீட்சையில் பாஸான மாதிரி நான்தான் சந்தோஷப்பட்டேன்.

இத்தா முடிந்தது. உங்கள் மகள் கட்டப்பனையிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து, குளிக்க வைத்து, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். சந்தை நாளன்று நான் பையோடு வந்து நின்றேன். "அடுத்த வாரம் பாப்போம்த்தா" என்றீர்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள். நாலு மாதம் உள்ளேயே இருந்து பழகிவிட்டது, சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் மலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற வரும் ஜீப்காரன் ஹாரன் அடித்தால், முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்து, "ஏலே, ஒங்க வீட்டுல யாரும் ஒறங்குறதில்லையா?" என்று கத்துவீர்கள். அவன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். உங்கள் ஜன்னல் திறக்கவில்லை. நான் கோயிலுக்குப் போகும்போது என் முருகனின் வீட்டு விலாசத்தை யாரும் கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகூட எழுதி வைக்கிறவள் நான். நீங்கள் என்னைக் கிண்டல் செய்யாத நாட்களை எழுதி வைக்கவில்லை.

அப்புறம் அந்தக் காலை. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பின்வாசல் வழியாக வந்தால், தொழுகைப் பாயிலேயே சாய்ந்து கிடந்தீர்கள். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்தார்கள். மெஷினில் எண் வரவில்லை. சர்க்கரை அளவுக்கு மீறி ஏறிவிட்டால் எண் காட்டாதாம். டாக்டர் வேகமாகக் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டாக டாக்டர்" என்றேன். நாலு மாதத்துக்கு முன் செய்ததையே மறுபடியும் செய்தேன் அக்கா.

இரண்டாவது நாள் போய்விட்டீர்கள். அடக்கம் செய்ய மையவாடிக்குக் கொண்டுபோன பிறகு, வீடு நிறைய இருந்த ஜனத்துக்கு டீ போடலாம் என்று உங்கள் அடுப்படிக்குப் போனேன். டீத்தூளைத் தேடி மேல்தட்டில் இருந்த அண்ணனின் ஏலக்காய் டின்னைத் திறந்தேன். உள்ளே மாத்திரை அட்டைகள். மகேஸ்வரி கடைசியாகக் கொடுத்தது வரை, ஒரு மாத்திரைகூடப் பிதுக்காமல், அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தீர்கள். மறந்து போகிறவர்கள் ரப்பர் பேண்ட் போட்டு வைக்க மாட்டார்கள். யாரும் பார்ப்பதற்குள் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். இப்போது என் பீரோவில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

நேற்று மகேஸ்வரி போன பிறகு, அவளிடம் கேட்டு வாங்கிய வெறும் தாள் ஒன்றில் உங்கள் பதினைந்தையும் மறுபடி போட்டேன். இந்தத் தடவை காரணம் எதையும் சேர்க்கவில்லை. மூடி திறக்காத தூக்குவாளி, திறக்காத ஜன்னல், திருகிய முக்காடு என்று கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துப் போட்டேன். பதினொன்று வந்தது. கூட்டல் தப்பாக இருக்குமோ என்று மூன்று முறை கூட்டினேன். பதினொன்றுதான்.

அந்த டின்னைத் திறந்த நாளிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாரையாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அவர்கள் முடிக்கிறவரை வாயைத் திறப்பதில்லை. நடுவில் நின்றுபோனாலும் காத்திருக்கிறேன். சிலருக்கு அது சங்கடமாக இருக்கிறது. என்ன இவ இப்படி முறைச்சுப் பாக்கிறா என்கிறார்கள். சொல்லட்டும் என்று இருக்கிறேன். உங்களுக்குச் செய்யாததை இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை உங்கள் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மா கடைசியில நிம்மதியாத்தான இருந்தாக? அந்த நோட்டு எங்கிட்டத்தான் இருக்கு. நல்ல நிலைன்னு எழுதியிருக்கு. மனசு கேக்காதப்பல்லாம் அத எடுத்துப் பாத்துக்கிறேன்."

"ஆமாத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு கேட்டேன்: "நீ எப்படித்தா இருக்க?"

நான் காத்திருந்தேன்.

"அல்லா போதுமானவன் சித்தி."

அதே இழுப்பு அக்கா. உங்கள் குரல்தான். அதற்குள் மருமகன் போனை வாங்கிவிட்டார். "அவளுக்கென்னங்க, அஞ்சு வேளையும் தொழுதுக்கிட்டு இருக்கா. வெளியதான் எங்கயும் வரமாட்டேங்குறா. அம்மா போன துக்கம், வேறொண்ணுமில்ல" என்றார். எனக்கு என் குரலையே கேட்ட மாதிரி இருந்தது.

மாத்திரை அட்டைகளைக் காட்டி, உங்க அம்மா நல்ல நிலையில் இல்லை, நான்தான் அப்படி எழுத வைத்தேன் என்று சொன்னால், அவள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே தாளையும் பிடுங்கியது போலாகும். தானாக உயிரை விடுவது உங்கள் மார்க்கத்தில் எவ்வளவு பெரிய பாவம் என்று நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அதை நினைத்து நினைத்தே அவள் உடைந்துபோகலாம். சொல்லாமல் விட்டால், அந்த நோட்டை நம்பிக்கொண்டு, தனக்கும் ஒன்றுமில்லை என்று அவளும் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவாள். அப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பதில் சொல்ல அங்கேயும் ஆள் இருக்கிறது.

அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். வெள்ளைப் பூ வந்தால் சொல்வது, சிவப்பு வந்தால் விடுவது. பூசாரியிடம் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் விஷயத்தில் எவ்வளவோ பதில்களை உங்களைக் கேட்காமலே வாங்கியாகிவிட்டது. இதையும் அப்படி வாங்க எனக்கு மனசு வரவில்லை.

வீட்டைக் காலி செய்ய ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வருகிறாள். சாவி என்னிடம் இருப்பதால் முதலில் என் வாசலில்தான் வந்து நிற்பாள். இன்றைக்கு வியாழன். சொல்லட்டுமா, வேண்டாமா? எப்படியாவது, அதற்குள் சொல்லிவிடுங்கள் அக்கா.