டைனசோர் படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்று என்னால் முடிவு செய்ய முடியாதது பற்றி

அனுப்புநர்:
வை. சேதுபதி,
லைன்மேன், மின்சார இலாகா,
17-ஏ, நாரிஸ் ரோடு (மாடி),
சிங்கப்பூர் 8.

பெறுநர்:
திரைப்படத் தணிக்கை அதிகாரி அவர்கள்,
சிங்கப்பூர்.

பொருள்: ஆங்கில டைனசோர் படம் ஒன்று பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஏற்றதா, அல்லவா என்று முடிவு செய்யும் பொறுப்பை என்னிடமிருந்து தாங்கள் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்கண்ட முகவரியில் பதினோரு ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான் இதுவரை எந்த அதிகாரிக்கும் மனு எழுதியதில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று மற்றவர்கள் எழுதும் மனுக்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறுவதுதான் என் வேலை. ஆகையால் முறை ஏதும் தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் ஆங்கிலம் இலாகாப் படிவங்களை நிரப்பப் போதும். இந்த விஷயத்துக்குப் போதாது. தங்கள் அலுவலக மொழிபெயர்ப்பாளர் இதைத் தங்களுக்குப் படித்துச் சொல்லும்போது சிரிக்காமல் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. எங்கள் வட்டாரத் தமிழ்ப் பாடசாலையில் அறுபத்து மூன்று பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் விடுமுறை தொடங்கும் சனிக்கிழமை காலையில் பெற்றோர் சங்கத்தின் சார்பில் அவர்களைப் படம் பார்க்க அழைத்துப் போவது வழக்கம். மற்ற ஆண்டுகளில் சாமி படம் அல்லது ராஜா ராணி படம். முடிவு செய்ய ஒன்றும் இருக்காது. இவ்வாண்டு கொட்டகைக்காரர் அவை எதுவும் கைவசம் இல்லையென்று சொல்லி, கடலுக்கு அடியிலிருந்து ஒரு டைனசோர் எழுந்து ஊருக்குள் வரும் ஆங்கிலப் படத்தைத் தருவதாகச் சொன்னார். அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன பிராணி என்று தலைமையாசிரியர் விளக்கினார். அழிந்துபோனது எப்படி வந்தது என்று நான் கேட்டேன். படத்தில் வந்தது என்றார்.

2. அந்தப் படத்தின் பத்திரிகை விளம்பரத்தின் அடியில், மிகச் சிறிய எழுத்தில், ‘சிறுவர்களுக்கு உகந்ததா என்பதைப் பெற்றோரே முடிவு செய்துகொள்ளவும்’ என்று போட்டிருந்தது. ஐயா, என் குழப்பம் எல்லாம் இந்த ஒரு வரியில் தொடங்கியது. சங்கக் கூட்டத்தில் பாதிப் பேர் உகந்தது என்றார்கள், பாதிப் பேர் உகந்ததல்ல என்றார்கள். இரண்டு பாதியிலும் ஒருவர்கூடப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்ட அறிக்கை தரட்டும் என்று சங்கச் செயலாளர் சேக் தாவூது அவர்கள் சொன்னார். காகிதக் கடை வைத்திருக்கும் அவர் நிதானமானவர். நாற்பதடிக் கம்பத்தில் ஏறி நிற்கிற மனிதருக்குப் பயம் என்பது இருக்காது, ஆகவே சேதுபதியே போகட்டும் என்று அவர் முன்மொழிய, எல்லாரும் கை தூக்கினார்கள். நான் மறுக்கவில்லை. பெருமைப்பட்டேன் என்பதே உண்மை.

3. மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் ஒரே மகள் லீலாவையும் உடன் அழைத்துச் சென்றேன். வயது ஒன்பது. ஒரு பிள்ளை தாங்கினால் அறுபத்து மூன்று பிள்ளைகளும் தாங்கும் என்பது என் கணக்கு. அவள் பயந்தால் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று அவள் தாயாரிடம் வாக்கும் கொடுத்திருந்தேன். இதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் யார் யாரைத் தூக்கிக்கொண்டு வருவது என்பதைப் பற்றித்தான் இந்த மனு.

4. மே 3-ஆம் தேதி, சனிக்கிழமை மாலைக் காட்சி. நான் தமிழ்ப் படம் பார்த்தே பழகியவன். தமிழ்ப் படத்தில் அரக்கன் வருவதாயிருந்தாலும் அதற்கு முன்பு நான்கு பாட்டாவது வரும், நகைச்சுவைக்காரர்கள் வந்து போவார்கள், இடைவேளை வரும். அரக்கன் வந்த பிறகும் அவனைக் கொல்ல சாமி எந்தப் பக்கத்திலிருந்து வரப்போகிறது என்பது நமக்குத் தெரிந்திருக்கும். அந்த நம்பிக்கையில் நான் செருப்பைக் கழற்றிப் போட்டு, காலைத் தூக்கி இருக்கையில் மடக்கிக்கொண்டு, கச்சாங்பூத்தே கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று லீலாவுக்குத் தைரியமும் சொன்னேன். ஐயா, ஒரு பாட்டுகூட வரவில்லை. பேர் போடும் எழுத்துகள் முடிந்து கால் மணி நேரத்துக்குள் கடல் பிளந்தது.

5. அதன் பிறகு நடந்ததை நான் ஒழுங்காகச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறேன். அதன் தலையைப் பார்த்தேன். அது எங்கள் வரிசையைப் பார்த்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது கொட்டகைக்கு வெளியே, கச்சாங்பூத்தே வண்டிக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நான் நின்றுகொண்டிருந்ததுதான். எழுந்தது நினைவில்லை. எத்தனை பேர் காலை மிதித்தேன் என்பதும் நினைவில்லை. கையில் பொட்டலம் இருந்தது, பிள்ளை இல்லை.

உள்ளே போக முயன்றேன். மூன்று முறை கதவுத் திரை வரைக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது, கால் நின்றுவிட்டது. அது வெறும் படம் என்று எனக்குத் தெரியும். திரையில் விழும் ஒளிக்கு மின்சாரம் எந்தக் கம்பியில் போகிறது என்பதுகூட எனக்குத் தெரியும். அந்தக் கம்பியை இழுத்தவர்களில் நானும் ஒருவன். தெரிந்தும் கால் வரவில்லை. இதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் மகள் ஐம்பது நிமிடம் உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

6. படம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது. லீலாவும் வந்தாள். தலை ரிப்பன் கலையவில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. கையில் என் செருப்பு இரண்டும் இருந்தன. அவற்றை என் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, எனக்கு முன்னால் நடந்தாள். நான் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். வேறு என்ன செய்ய?

7. அன்று முதல் அவள் என் கையைப் பிடிப்பதில்லை. தினமும் காலையில் நான்தான் அவளைச் சிராங்கூன் ரோடு தாண்டிப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுகிறவன். தேக்கா மார்க்கெட்டுக்கு வரும் லாரிகளும் மாட்டு வண்டிகளும் அந்த நேரத்தில் எப்படிப் போகும் என்று தங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் கையை நீட்டுவேன். அவள் மரியாதையாக அதைப் பார்த்துவிட்டு, புத்தகப் பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தானாகவே தாண்டுவாள். சென்ற செவ்வாய்க்கிழமை பஃபலோ ரோடு முனையில் ஒரு டாக்சி அவளுக்கு ஒரு முழம் தள்ளிப் பிரேக் போட்டு நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. கோபம் என்றால் திட்டி அடக்கலாம், ஐயா. இது கோபம் இல்லை. ஆபத்து வந்தால் அப்பா இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டு, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகுகிறாள்.

8. படம் பிள்ளைகளுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு வருகிறேன். லீலாவிடம் விசாரித்தேன். பயமே இல்லை என்றாள். பிறகு ஏன் அழுதாய் என்று கேட்டதற்கு அவள் கூறியதை அவள் வாக்கிலேயே தருகிறேன்: “பாவம்லா அது, வழி தெரியாம வந்துருச்சு. எல்லாரும் சேர்ந்து சுட்டுட்டாங்க.” இதைக் கெட்ட பாடம் என்று எப்படிச் சொல்வேன்? நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். வாய்ப்பாட்டு நோட்டின் பின்பக்கத்தில் அந்தப் பிராணியை வரைந்து, அதற்குச் சட்டையும் மாட்டியிருக்கிறாள். தூக்கம் இல்லாதவன் நான்.

என் மனைவி சிவகாமசுந்தரி இதை நம்பாமல் புதன்கிழமை பகல் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்துவிட்டு, பாட்டு இல்லாதது ஒன்றுதான் குறை என்றார். படம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் ஏற்றது, ஆண்களைப் பற்றித் தான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்பது அவருடைய கருத்து. அதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டில் கேள்வி வரும்.

9. சங்கத்துக்கான அறிக்கையை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ‘ஏற்றதல்ல’ என்று ஒன்று. அதைக் கொடுத்தால் அறுபத்து மூன்று பிள்ளைகளின் படம் போய்விடும், ஏன் போயிற்று என்பது லீலாவுக்குத் தெரியும். ‘ஏற்றது’ என்று மற்றொன்று. அதில், நான் படம் முழுவதையும் பார்த்தேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். நான் பார்த்ததோ கால் மணி நேரம். அதிலும் கடைசி நிமிடம் கண்ணை மூடியிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

10. இந்தக் குழப்பத்தில் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது, சென்ற வெள்ளிக்கிழமை சேக் தாவூது அவர்கள் தமது கடை வாசலில் என்னை நிறுத்திக் கையைக் குலுக்கினார். லீலாவின் வகுப்பாசிரியை சரஸ்வதி டீச்சர் சொன்னாராம். படம் எப்படியிருந்தது என்று வகுப்பில் கேட்டதற்கு என் மகள் எழுந்து நின்று, “அப்பாவும் நானும் கடைசி வரைக்கும் பார்த்தோம் டீச்சர். அப்பா என் கையப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க” என்று சொன்னாளாம். சேக் தாவூது அவர்கள் இதைச் சொல்லிவிட்டு, நாங்கள் சரியான ஆளைத்தான் அனுப்பினோம் பாய் என்று என் தோளில் தட்டினார். அவர் எல்லாரையும் பாய் என்றுதான் அழைப்பார்.

ஐயா, என் மகள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. உடைந்த கண்ணாடிக்கும், கொட்டிய பாலுக்கும் தானே வந்து நிற்கிறவள். என் முகத்துக்கு நேரே என் கையைத் தொடாத பிள்ளை, வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, கடை வாசலில் அழுகையும் வந்தது. இந்தப் பொய்யை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் படமா, நானா? படம் என்றால் அது பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. நான் என்றால் யாரிடம் மனுக் கொடுப்பது?

11. இந்த மனுவின் முதல் பிரதியில், இந்தப் படம் வயது வந்த ஆண்களையும் அச்சுறுத்தக்கூடியது என்று தங்கள் முத்திரையுடன் ஒரு கடிதம் தரும்படி கேட்டிருந்தேன். அதை லீலாவிடம் காட்டலாம் என்பது என் எண்ணம். அப்படி ஒரு கடிதம் வந்தால் பிள்ளைகளின் காட்சி நின்றுபோகும் என்பது எழுதி முடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டேன். அந்தக் கோரிக்கையை நான் விட்டுவிட்டேன் என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

12. இப்போது நான் கேட்பது இவ்வளவுதான். அந்தப் படம் மே 11-ஆம் தேதியோடு ஓடி முடிந்துவிட்டது. சுருள்கள் பாடசாலைக் காட்சிக்காக மட்டும் கொட்டகையில் இருக்கின்றன. 31-ஆம் தேதி காலைக் காட்சி முடிந்ததும் ரயிலில் கோலாலம்பூர் போய்விடும். காட்சி நடப்பதில் எனக்குச் சொந்த லாபம் இருப்பதால், ஏற்றது, ஏற்றதல்ல என்று சொல்லும் தகுதி எனக்குப் போய்விட்டது. தாங்கள் படத்தை முழுவதும் பார்த்தவர். கண் திறந்து பார்த்தவர். ஆகவே தாங்களே முடிவு செய்து சங்கத்துக்கு இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டுகிறேன். பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று தங்களுக்குத் தோன்றினால் அப்படியே எழுதிவிடுங்கள், என்னைப் பார்க்க வேண்டாம்.

ஏற்றது என்று எழுதுவீர்களானால் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பிள்ளைகள் காட்சிக்குப் பெற்றோரை உள்ளே விடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. சென்ற ஆண்டு பெரியவர்கள் முன் வரிசையை அடைத்துக்கொண்டார்கள் என்று அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான். என் வாயால் அதை மாற்றச் சொன்னால் காரணம் கேட்பார்கள். தங்கள் வரியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். லீலாவின் பக்கத்தில் எனக்கு ஓர் இருக்கை ஒதுக்கும்படி எழுதுங்கள். நடு வரிசையில், இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கும்படி. நான் செருப்பைக் கழற்ற மாட்டேன். கண்ணை மூடினாலும் எழுந்து போக மாட்டேன். என் மகள் அவள் வகுப்பில் சொன்னது பொய்; மே 31-ஆம் தேதி மதியத்துக்குள் அதை உண்மையாக்கிவிட எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள், ஐயா.

இடம்: சிங்கப்பூர்
நாள்: 20-5-1958

தங்கள் பதிலுக்காகத் தினமும் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
(ஒப்பம்) வை. சேதுபதி
லீலாவின் தகப்பன்